கழற்றிக் கொடுத்த விளக்கு

போன சனிக்கிழமை சாப்பாட்டு அறை சீலிங்குக்குப் பெயிண்ட் அடிக்க ஏணியில் ஏறினேன். பெயிண்ட் வாசனை எனக்குப் பிடிக்கும், தலைவலியும் வரும். கீழே நின்ற மகள், "அப்பா, வாட்ஸ் தட் சர்க்கிள்?" என்றாள். சீலிங்கின் நடுவில் தட்டளவுக்கு ஒரு வட்டம். எத்தனை கோட் அடித்தாலும் அது மட்டும் தனியாகத் தெரிகிறது. "பழைய லைட் இருந்த எடம்மா" என்றேன். மிச்சத்தை அவளிடம் சொல்ல வெட்கம். உங்களிடம் சொல்லலாம்.

அமெரிக்காவில் இருக்கிற டப்ளினில் நாங்கள் வாங்கியது அறுபதுகளில் கட்டிய வீடு. சாப்பாட்டு மேசைக்கு மேலே சீலிங்கோடு ஒட்டி ஒரு கண்ணாடி விளக்கு, கவிழ்த்த ஆப்பம் மாதிரி. நடுவில் பால் வெள்ளை, ஓரமெல்லாம் தெளிந்த கண்ணாடி, அதில் பொடிப்பொடியாகக் குமிழிகள். உள்ளே இரண்டு செத்த ஈ. திருச்சியில் டியூப்லைட்டுக்கு அடியில் வளர்ந்தவன் நான்; வெளிச்சம் என்றால் கீழே விழுந்த ஊசி தெரிய வேண்டும். இதுவோ அழுது வடிந்தது. பால் காய்ச்சுகிற அன்று நாலு பேர் வருவார்கள், வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா? விளக்கைக் கழற்றினேன். ஆறு எல்.இ.டி. பதித்தாயிற்று.

அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் பஷீர். கீழக்கரைக்காரன். கல்யாணத்துக்கு முன் ஒரே அபார்ட்மெண்டில் ஒரே குக்கரில் பொங்கித் தின்றவர்கள் நாங்கள்.

"டேய், இதத் தூக்கியா போடப் போற? நா எடுத்துக்கவா?"

"தாராளமா எடுத்துட்டுப் போடா. குப்பை வண்டிக்கு வேலை மிச்சம்."

இந்த வாய் இருக்கிறதே!

அந்த வருட ரம்ஜானுக்கு, டப்ளினிலேயே இருந்த பஷீர் வீட்டுக்குப் பிரியாணி சாப்பிடப் போனோம். வாசலிலேயே நெய்யும் பட்டையும் மணத்தன. உள்ளே மேசைக்கு மேல் என் விளக்கு. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியிருக்கிறான். தேய்க்கும்போது பின்னால் மங்கிய லேபிள் ஒன்று கிடைத்ததாம். ஸ்வீடனில் ஏதோ சிற்றூர்ப் பட்டறையில் வாயால் ஊதிச் செய்ததாம். "அங்க குளிர்காலத்துல சூரியனே சரியா எட்டிப் பாக்காதாம்டா. அதான் லைட்டு கண்ணுல அடிக்காம மொகத்துல படுற மாதிரி செஞ்சிருக்காங்க" என்றான். யாரோ ஊதிய மூச்சு இன்னும் அந்தக் குமிழிகளில் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பிரியாணி அழகாக இருந்தது, பஷீர்கூட அழகாக இருந்தான். திரும்பி வரும்போது காரில் என் மனைவி, "அங்க எடுத்தா மட்டும் போட்டோல நான் நல்லா இருக்கேன், பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் ஃப்ரீவேயையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

கையில் இருந்த வெண்ணெயைக் கொடுத்துவிட்டு நெய்க்கு அலைந்தேன். அதே மாதிரி என்று ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக். திருப்பி அனுப்பினேன். அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "இன்னும் இந்த ஓட்ட லைட்ட மாத்தலியாடா?" என்று கேலி செய்வேன். அவனும் சிரிப்பான். சிரிக்கச் சிரிக்க எனக்கு இன்னும் எரியும்.

பிறகு அவனுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது. வீட்டை விற்றுவிட்டு அங்கே பேர்லேண்ட் என்கிற ஊருக்குக் கிளம்பினான். "லாரியில போனா இது ஒடஞ்சிரும்டா. கழட்டித் தரவா? ஒங்க வீட்டு லைட்டுதானே" என்றான். வேண்டும் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அத்தனை வருடம் கேலி பேசிய வாய் எப்படிக் கேட்கும்? "எனக்கெதுக்குடா அந்தக் குப்பை" என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தான். "சரி, வீட்டோடயே இருக்கட்டும்" என்றான்.

போன சனிக்கிழமை பெயிண்ட் காயும் நேரத்தில் ஃபோனை எடுத்தேன். பஷீர் விற்ற அந்த வீடு மறுபடி விற்பனைக்கு வந்திருந்தது. ஆசையோடு சாப்பாட்டு அறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கைக் காணோம். ஆறு எல்.இ.டி., எங்கள் வீட்டைப் போலவே. உடனே பஷீரைக் கூப்பிட்டேன்.

"அத எங்கடா போட்டிருப்பாங்க?"

"நீ வாங்கிக்குவேன்னு நெனச்சுதான்டா கேட்டேன். எங்க வீட்ல சோத்தப் பாத்து நீ எப்பச் சாப்பிட்ட? சீலிங்கத்தானே பாத்துக்கிட்டிருப்ப."

இப்போது டப்ளினில் நான் பொறாமைப்பட ஒரு வீடு இல்லை.