சளி கேட்டு வருகிற அங்கம்மா

நசரத்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில், பொழுது விடிந்தும் விடியாத நேரத்தில், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அங்கம்மா இருமுகிறாள். அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சைக் குலுக்கி, தெருக்கோடி நாய் வரைக்கும் எட்டுகிற இருமல். அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. கையில் சின்னக் குப்பியோடு முழித்துக்கொண்டு நிற்கிற பெரியவருக்கு, எப்படி இருமுவது என்று காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"எச்சி வாணாம் நைனா, எச்சி என் வாயிலயே கீது. சளி வோணும். ஆழத்துலேர்ந்து இஸ்து துப்பு."

கரையான்சாவடியில் காசநோய்க்கு மருந்து கொடுக்கிற சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தவள். சளிக் குப்பி வாங்கிவரப் போட்டிருந்த இரண்டு ஆண்கள் அருவருப்புத் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இவள் கிளம்பிப் போனாள். ஆறு வருஷமாகிறது. கம்பிக் கூடையில் குப்பிகள், ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மூடியில் கட்டிய நூலின் நிறத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். பஸ்ஸில், "இன்னாமா அது, ஊறுகாயா?" என்று கேட்ட கண்டக்டருக்கு உண்மையைச் சொன்னாள். அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

பரிசோதனைக்கூடத்து உலகநாதன் இங்கிலீஷ் சஞ்சிகைகள் படிப்பவர். படித்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் அவருக்கு. கேட்க இருந்த ஒரே ஆள் அங்கம்மா. ஒருநாள் அவளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நீலப் பரப்பில் சிவப்பாய்க் குச்சி குச்சியாகத் தெரிந்தது. அதுதான் கிருமியாம். உடம்பில் இருக்கிற காவல் செல் அதைக் கண்டதும் அப்படியே விழுங்கிவிடுமாம். விழுங்கியதைக் கரைக்க அந்தச் செல்லுக்குள்ளேயே காரமான சாறு நிறைந்த பைகள் உண்டு. பல கிருமிகள் அதில் கரைந்தே போய்விடும். இந்தக் கிருமி மட்டும் அந்தப் பை தன்னிடம் வந்து சேராதபடி தடுத்துவிடுகிறது என்று போன வருஷம்தான் சீமையில் எழுதியிருக்கிறார்களாம். தன்னை விழுங்கியதன் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம்! செல்லும் சும்மா இருப்பதில்லை. கூட்டாளிச் செல்களைக் கூப்பிட்டு, சுற்றிலும் சுவர் மாதிரி நெருக்கமாக நிற்கவைத்துக் கிருமியை வெளியே விடாமல் காக்குமாம். உடம்பு தளர்ந்தால் அந்தச் சுவர் சரிந்துவிடும்.

அன்று மத்தியானம் அங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "பாவம்யா அந்தச் செல்லு" என்றாள். "முழுங்கவும் முடில, துப்பவும் முடில."

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாசத்தில் அவளுக்குக் கன்னியப்பனால் தலைவலி வந்தது. அம்பத்தூரில் லேத் ஓட்டுபவன். கர்லாக்கட்டை சுற்றுகிற பயில்வான். காலையில் ஆறு அவித்த முட்டை சாப்பிடுவான். மூன்று மாசம் மாத்திரை சாப்பிட்டதும் காய்ச்சல் நின்றது, எடை ஏறியது. போதும் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டான். சளி கேட்டு அங்கம்மா போனால் வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுப்பான். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வருகிறான் என்று அவன் பெண்சாதி வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். எட்டு மாசப் பெண் குழந்தை அவன் மார்மேல் படுத்தால்தான் தூங்கும்.

அங்கம்மா போனபோதும் குழந்தை அவன் மார்மேல்தான் இருந்தது.

"இன்னாடா, மாத்திரைய துப்பறியாமே?"

"எனுக்கு இன்னாக்கா கொற?" கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினான். "இதுல கிருமி எங்க கீது, காட்டு."

"புஜத்துல இல்லடா, நெஞ்சுல. இந்தப் புள்ள மூஞ்சிக்கு நேரா தான நீ மூச்சு உடற?"

"நான் தான் ஷோக்கா கீறனே."

வாயால் சொல்லி ஆகாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். "இதான் கிருமி. நான் உன் ஒடம்புல கீற காவக்காரச் செல்லு. பாத்துக்க." முழு முட்டையையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

கன்னம் புடைத்தது. கையை விரித்து, கண்ணை உருட்டி, செல் எப்படித் தவிக்கிறது என்று நடித்துக் காட்டினாள். வடிவு ஆர்வம் தாங்காமல், "அப்பால இன்னாக்கா ஆவும்?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. யார் எது கேட்டாலும் பதில் சொல்லாமல் அங்கம்மாவால் இருக்க முடியாது. வாயைத் திறக்கப் பார்த்தாள். முட்டை உள்பக்கம் வழுக்கியது.

அதுவும் நடிப்பு என்றுதான் இருவரும் நினைத்தார்கள். "ஷோக்கா ஆக்ட் குடுக்குது பாரேன்" என்று கன்னியப்பன் கை தட்டினான். அவள் முகம் கறுத்து, கால் தரையை உதைத்த பிறகுதான் குழந்தையை வடிவிடம் போட்டுவிட்டுப் பாய்ந்தான். இடுப்பைக் கட்டித் தூக்கித் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் ஓர் அறை விட்டான். முட்டை தெறித்து வாசலில் உருண்டது. ஒரு கோழி வந்து அதை வெகுநேரம் யோசனையாகப் பார்த்தது.

அங்கம்மாவை இறக்கிவிட்டவன் நிமிரவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. அவள் நாற்பது கிலோகூட இருக்கமாட்டாள். அவளைத் தூக்கியதற்கே பயில்வான் சுவரைப் பிடித்துக்கொண்டு, நெற்றி நரம்பு புடைக்க, விடாமல் இருமினான். வடிவு குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். அதை அவன் பார்த்துவிட்டான்.

அங்கம்மாவுக்கு இன்னும் மூச்சு சீராகவில்லை. ஆனாலும் தவழ்ந்து போய்க் கூடையிலிருந்து குப்பியை உருவி அவன் வாயருகே நீட்டினாள்.

"துப்பு, துப்பு! உட்றாதடா! இதாண்டா சளி! ரெண்டு மாசமா இதுக்குதாண்டா நடயா நடக்கறேன்!"

அந்தச் சளியில் உலகநாதன் சிவப்புக் குச்சிகளைக் கண்டார். மறுநாளிலிருந்து குழந்தை வடிவிடம் தூங்கியது. முதல் நாலு நாள் தெருவே விழிக்கும்படி அழுதது. கன்னியப்பன் தினமும் காலையில் அங்கம்மா எதிரில்தான் மாத்திரை விழுங்கினான். அவள் நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்துக்குள் எட்டிப் பார்த்து, "இன்னொரு தபா ஆ சொல்லு" என்பாள். "கொடலு வரிக்கும் பாத்துடுவ போலயே" என்று அவன் முனகுவான். ஒருநாள்கூடத் தப்பவில்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில், ஆறு மாசக் குப்பிகளும் சுத்தம், இனி மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேதி சொல்ல அங்கம்மாவே வந்தாள். கன்னியப்பன் முதலில் குழந்தையைத்தான் தூக்கினான். நடக்கப் பழகியிருந்த அது, அவன் மீசையைப் பிடித்து இழுத்தது.

"சட்டைய கயட்டு" என்றாள் அங்கம்மா.

கழற்றினான். அவள் கிட்டே வந்து, கதவைத் தட்டுவது போல அவன் நெஞ்சில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"யப்பா, உள்ள கீறவங்களா! ஒழச்சது போதும். கொஞ்சம் குந்துங்கப்பா."

வடிவு சிரித்துவிட்டாள். அங்கம்மா உதட்டின்மேல் விரலை வைத்து அவளை அடக்கிவிட்டு, பதில் வருகிறதா என்று அவன் மார்மேல் காதை வைத்தாள்.