எங்கள் அக்கா சாமான் வாங்கிய விதம்

எங்கள் அக்கா ஆண்டவரின் சமுகத்துக்குச் சென்று ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய மகன் கேட்டபோது, உடன்பிறந்த ஒரே தங்கை என்பதால் மறுக்க முடியவில்லை. எனக்கு அந்தத் தகுதி உண்டா என்பதைப் படிப்பவர்கள் முடிவு செய்யட்டும்.

அக்கா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தார். அப்பாவுக்குத் தண்டவாள வேலை. அம்மா சீக்கிரமே போய்விட்டதால், தன் பன்னிரண்டாவது வயதிலிருந்தே எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் அக்காதான். பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தோடு அவர் படிப்பு நின்றது. என் படிப்பு நிற்கவில்லை. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டிய அத்தானை மணந்து கிள்ளானில் குடியேறினார்.

மகனுக்கு ஒன்பது வயதானபோது, சரக்கு இறக்கும் இடத்தில் அத்தான் லோரியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டார். பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. அக்கா வீட்டிலேயே துணி தைக்கத் தொடங்கினார். வாடகைக்கும் மருந்துக்கும் போக, சாப்பாட்டுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். சபையிலிருந்து உணவுக்கூடை வந்தபோது, தன்னைவிட முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

படகுகள் வந்து சேரும் ஜெட்டியில், வால் அறுந்த மீனையும் செதில் உரிந்த மீனையும் உணவகக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அக்கா அவற்றின் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால் வாங்குவார். மொத்த விலைச் சந்தையான பாசாரில் வியாபாரிகள் கடை கட்டும் நேரம் பார்த்துப் போய், அடிபட்ட தக்காளியைக் கூடையோடு விலை பேசி எடுப்பார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில், பெட்டி இடிபட்டு நசுங்கிய டின்களும் தேதி நெருங்கிய மாவும் மலிவாகக் கிடைக்கும். அடுக்குமாடியில் ஆறு குடும்பங்களைச் சேர்த்து அரிசியும் வெங்காயமும் மூட்டையாக இறக்கி, தன் வீட்டு வரவேற்பறையிலேயே நிறுத்துப் பிரித்துக் கொடுத்தார்.

"டின் நசுங்கியிருந்தா பரவால்லம்மா. உப்பியிருந்தா மட்டும் தொடாதே. பிள்ளைங்க சாப்பிடுறது லா," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

நான் அப்போது கோலாலம்பூரின் வசதியான பங்சார் பகுதியில் கொண்டோ வீடு வாங்கிக் குடியேறியிருந்தேன். என் மகளின் பிறந்தநாளுக்கு அக்கா பை நிறைய சாமான் கொண்டுவந்தார். பால் டின்கள், பழ டின்கள், பிஸ்கட். விருந்தினர்களில் ஒருவர் நசுங்கிய டின் ஒன்றை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. யாரும் பார்க்காதபோது அந்தப் பையைக் கொண்டுபோய் வெளியே குப்பைத்தொட்டியின் அருகில் வைத்துவிட்டேன். அக்கா விடைபெற்று லிப்டுக்குப் போகும் வழியில் அதைப் பார்த்தார். நான் பின்னால்தான் நின்றேன். அவர் குனிந்து பையை எடுத்துக்கொண்டார்.

"எங்க வீட்ல சாப்பிட ஆள் இருக்கும்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வெட்கத்தால் நான் இரண்டு வருடம் கிள்ளான் பக்கம் போகவில்லை. பிறகு என் கணவரின் வேலை போனது. என் சம்பளம் வீட்டுக் கடனுக்கே சரியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. என் மகள் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை கீழே காவல் அறையிலிருந்து அழைத்து, பை ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார்கள். சுத்தம் செய்து ஐஸில் வைத்த மீன், காய்கறி, அரிசி. போன் செய்தபோது அக்கா, "நீ இறங்கி வர வேணாம்மா. நான் வச்சிட்டுப் போயிடுறேன். யாரும் பார்க்க மாட்டாங்க," என்றார். என் மானத்தைக் காப்பாற்றவே அவர் மேலே வரவில்லை. ஏழு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து வைத்துவிட்டுப் போனார். நான் ஒரு நாளும் இறங்கிப் போகவில்லை. அவருக்கு அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்காவின் இறுதிச் சடங்கில் உறவினர் ஒருவர், கண்டதை வாங்கித் தின்றதால் வந்த வியாதி என்றார். இன்னும் சிலர் அப்படிச் சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். மருத்துவரிடம் நானே கேட்டேன். சாப்பாட்டுக்கும் அக்காவின் வயிற்றில் இருந்த கட்டிக்கும் சம்பந்தமில்லை, ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். ஏன் வரவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். அத்தானைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டில் இருக்கும் நாள் சனிக்கிழமை மட்டும்தான். அக்கா வீட்டைவிட்டு அதிக நேரம் வெளியே இருக்கக்கூடிய ஒரே நாளும் அதுதான். அந்த நாளில் அவர் என் வீட்டுக்கு வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்புவாராம். காவலாளி அண்ணன் பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்து, பிறந்தநாள் அன்று செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"மீன் நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். நல்லா இருந்தது என்றேன். நான்கு நாளில் போய்விட்டார்.

மருத்துவமனையில் முறை வைத்துக் காவலிருந்த அடுக்குமாடிப் பெண்களுக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், அடக்க ஆராதனை நாளில் ஜெட்டியில் கடையை மூடிவிட்டு வந்து நின்ற மீன்காரச் சகோதரர்களுக்கும், எங்கள் காவலாளி அண்ணனுக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அந்த ஆறு குடும்பத்தாரும் இன்றுவரை அத்தானுக்கான அரிசியை முதலில் எடுத்து வைக்கிறார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் கிள்ளானுக்குப் போகிறேன். அத்தானுக்குச் சமைத்து, உடம்பு துடைத்துவிட்டு, மாலைவரை இருக்கிறேன். அவர் என்னோடு இன்னும் பேசுவதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.