இடக்கையில் வாங்கிய டீ

மேட்ச் இருக்கும் காலையில் டீயை மாமாதான் ஊற்றுவார். விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்கும் கண்ணாடித் தம்ளரை நீட்டுவார். அந்த இஞ்சி வாசனையும், ஈர மண்ணும், ரயில் போகிற சத்தமும் இன்றைக்கும் எனக்குள் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் புட்பால் டீமின் கோச். அவரைப்போல் பந்தோடு ஓடிய ஆளை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. திண்டிவனத்தில் ஒரு பைனலில், வீங்கிய முட்டியைத் துணி சுற்றி மறைத்து, ஒண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். இரண்டு கோல் போட்டார். அதோடு அவர் ஆட்டம் முடிந்தது. நொண்டிக்கொண்டே கோச் ஆனார்.

நான் கோல்கீப்பர். அதே திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு மேட்ச் வந்தது. விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மூன்று நாள் முன்பு மல்லாட்டை மூட்டை, அதான் வேர்க்கடலை மூட்டை, ஏற்றும்போது என் வலக்கை விரல் நசுங்கியிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று காலை ஊருக்குக் கிளம்புமுன் மாமா நீட்டிய தம்ளரை இடக்கையில் வாங்கினேன். பெரியவர்களிடம் அப்படி வாங்குகிற வழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது.

"மச்சான், வலது கையக் காட்டு."

"ஒண்ணும் இல்ல மாமா."

"ஒண்ணும் இல்லன்னு நானும்தான் சொன்னேன். உக்காரு, இன்னிக்கு நீ வெளிய."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "உங்க காலு போச்சுன்னு என் பொழப்பையும் கெடுக்கிறீங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். பாழாய்ப்போன வாய்! அவர் என் பனியனை எடுத்து வேறொருவனிடம் கொடுத்தார். தோற்றோம். வேலையும் போயிற்று. இன்னொரு அடி பட்டிருந்தால் விரலையே எடுத்திருப்போம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அதைக்கூட மாமாவிடம் சொல்லாமல் மூன்று வருஷம் அக்கா வீட்டுப் படியேறவில்லை. வீம்புதான், வேறென்ன? பிறகு போக்குவரத்து சரியானது. ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை.

இப்போது கிளியனூரில் கடை வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போயிருந்தேன். அக்கா கொடுத்த டீயை மாமாவிடம் நீட்டினேன். அவர் இடக்கையை நீட்டினார். வலக்கை துண்டுக்குள் இருந்தது.

"மாமா, வலது கையக் காட்டுங்க."

"ஒண்ணும் இல்லடா. காலையில இருந்து மரத்துக்கினு இருக்குது. உங்க அக்காகிட்ட சொல்லாத."

துண்டை விலக்கினேன். விரல்களை அவரால் மடக்க முடியவில்லை.

"ஒண்ணும் இல்லன்னு நானும்தான் சொன்னேன். எழுந்திருங்க மாமா, ஜல்தி."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் என் பக்கம் திரும்பினார். வாய் லேசாகக் குழறியது.

"மச்சான், அன்னிக்கு நீ ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம்டா."

"எனக்கு விரல் இருந்திருக்காது மாமா," என்றேன். இத்தனை வருஷம் கழித்து அதை அப்போதுதான் சொன்னேன். அந்த விரலோடுதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.