ஸ்க்யூ செத்துவிட்டது என்று சொன்னேன்

போன மாதம் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் படிக்கும் மகளைப் பார்க்க நானும் கணவரும் போயிருந்தோம். அவளும் நானும் டிராமில் போய்க்கொண்டிருந்தபோது, ஒருவர் பெரிய சாம்பல் நாயோடு ஏறி எங்களுக்கு எதிரே இருந்தார். வெளியே மழை. நனைந்த நாயின் மணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பழைய கம்பளியும் ஈர மண்ணும் சேர்ந்தது போல. என் வலது கை தன்பாட்டில் கோட்டுப் பைக்குள் போய்த் தடவியது. மகள் டேனிஷில், என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். ஈரல் துண்டு என்றால் நம்பமாட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அவள் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம் என் கோட்டுப் பையில் எப்போதும் அவித்த ஈரல் இருக்கும். மன்னாரிலிருந்து கலியாணம் முடித்து ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வந்து, மொழிப் பள்ளிக்கூடத்தில் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிய காலம். பயிற்சி வேலைக்கும் போகவேண்டும் என்று நகரசபைக்காரர் ஒரு படிவம் தந்தார்கள். விலங்குகளில் விருப்பமா என்ற கேள்வி விளங்காமல் ஓம் என்று போட்டுவிட்டேன். முதியோர் இல்லத்தில் வேலை கிடைக்குமென்று காத்திருந்த என்னை ஊருக்கு வெளியே ஒரு நாய்க் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். எதிரே நாய் வந்தால் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறுகிற ஆள் நான். என் கணவர் யூட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோசியாதை, நாயும் உனக்குப் பயப்பிடும்" என்றார்.

காப்பகத்தை நடத்திய லிஸ் ஒருவரையும் நம்பாதவள். நாயைக் கொண்டுவந்து விடுகிற எல்லோரும் பிள்ளைக்கு அலர்ஜி என்றுதான் சொல்வார்கள், பாதிப் பேருக்குப் பிள்ளையே இராது என்பாள். டேனிஷுக்கு முதல் அவளிடம் நான் படித்தது சந்தேகப்படுவதைத்தான்.

ஆகவே, ஹென்ரிக் என்ற நெடிய மனிதர் ஓர் இலையுதிர் காலக் காலையில் தன் வாகனத்தில் ஒரு நாயைக் கொண்டுவந்தபோது, நானும் லிஸும் ஒரே மாதிரித்தான் பார்த்தோம். ஹஸ்கி இனக் கலப்பு, வயது மூன்று, பெயர் ஸ்க்யூ என்றார். ஏன் விடுகிறீர்கள் என்று லிஸ் கேட்டதற்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஒத்துவரவில்லை என்றார். கையெழுத்துப் போட்டார். திரும்பிப் பார்க்காமல் போனார்.

டேனிஷில் ஸ்க்யூ என்றால் மேகம். மிரட்சி என்றும் பொருள் உண்டு. இரண்டாவதுதான் பொருந்தியது. கூட்டின் மூலையில் வயிற்றை நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நீண்ட கால்கள், மஞ்சள் கண்கள். குரைக்கவே இல்லை. லிஸ் மிருக வைத்தியரைக் கூப்பிட்டு இரத்தம் எடுக்கவைத்தாள். அதில் பாதிக்கு மேல் ஓநாய் என்று முடிவு வந்தது.

எங்கள் ஜூட்லாந்துப் பகுதிக்கு ஓநாய்கள் திரும்பி வருகின்றன என்று எல்லோரும் கதைத்த நேரம் அது. எங்கே ஒரு செம்மறி செத்தாலும் அந்தக் கதைதான். இப்படிப்பட்ட நாயை வீடுகளுக்குக் கொடுக்க முடியாது. உயர்ந்த வேலியும் அனுமதியும் உள்ள இடம் மூன்று கிழமைக்குள் கிடைக்காவிட்டால் ஊசி போட்டுக் கொல்வதுதான் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

லிஸைக் கண்டால் ஸ்க்யூ சுவரில் ஏறப் பார்க்கும். அதனால் சாப்பாடு கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. நீங்கள் சிரிக்கக்கூடாது, அதைப் பார்க்கப் பயந்து நான் கூட்டுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து வினைச்சொற்களை வாசித்தேன். இடைக்கிடை ஈரல் துண்டைத் தோளுக்கு மேலால் எறிந்தேன். அதற்குத் தேவைப்பட்டதும் அதுதானாம். ஒன்பதாம் நாள் ஏதோ ஈரமாக என் விரல்களில் பட்டது. கையிலிருந்த துண்டைக் காணவில்லை. நான் அசையவில்லை, தைரியத்தால் அல்ல.

அந்த நாட்களில்தான் தொலைபேசி வரத் தொடங்கியது. ஓர் ஆண் குரல், பெயர் சொல்லாது. சாம்பல் நாய் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும். வேட்டைக்காரனா, செம்மறி பறிகொடுத்தவனா, நாய்ச் சண்டை வைக்கிறவனா என்று நான் மனதுக்குள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.

மூன்றாம் கிழமை பெண்டே என்ற பெண் வந்தாள். பற்றைக்காட்டு ஓரத்தில் தனியே இருந்து, ஒருவருக்கும் வேண்டாத நாய்களுக்குச் சரணாலயம் வைத்திருப்பவள். ஸ்க்யூவைத் தான் எடுப்பதாகச் சொன்னாள். எனக்கு அவளிலும் சந்தேகம். ஓநாயை ஏன் ஒருத்தி விரும்பிக் கேட்கவேண்டும்? காட்டிக் காசு சேர்க்கவா? நம்பிக்கை இல்லை என்று லிஸிடம் சொன்னேன்.

"எனக்கும் இல்லை" என்றாள் லிஸ். "ஆனா ஊசியை நான் அதைவிடக் குறைவாத்தான் நம்புறன்."

கொண்டுபோவதற்கு முதல் நாள் அந்தக் குரல் திரும்பவும் கேட்டது. நான் ஒரு பிழையும் இல்லாத டேனிஷில், அது செத்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் தொலைபேசியை மெதுவாக வைத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பெண்டேயின் இடத்தில் பைன் மரங்களைச் சுற்றி உயர்ந்த வேலி. அடியிலும் மண்ணுக்குள் கம்பியைத் தாட்டிருந்தாள். உள்ளே ஒற்றைக் கண் கிழட்டு ஹஸ்கி ஒன்று. கொண்டுபோன கூட்டைத் திறந்துவிட்டு, பெண்டே புல்லில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். ஒருவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து ஸ்க்யூ வெளியே வந்தது. என் சந்தேகம் அரைவாசி போனது.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஹென்ரிக் காப்பகத்துக்கு வந்தார். லிஸ் கடைக்குப் போயிருந்தாள்.

"கழுத்துப்பட்டி இருந்தால் தாங்கோ. வளவுக்குள்ளை தாட்டு வைக்கப்போறன்" என்றார்.

குரலைக் கேட்டதும், தொலைபேசியில் வந்தவர் இவர்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அப்போதும் நான் நம்பவில்லை பாருங்கள். இவ்வளவு அக்கறை உள்ளவர் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். சொன்னார். ஜெர்மன் எல்லைக்கு அப்பால் ஒரு கார்த் தரிப்பிடத்தில் ஹஸ்கிக் குட்டி என்று வாங்கியது. வளர வளரத்தான் என்னவென்று தெரிந்தது. பக்கத்துப் பண்ணையில் செம்மறி கடிபட்டபோது ஊர் முழுக்க அவர் வீட்டைப் பார்த்தது. யாரோ வேலிக்கு மேலால் நஞ்சு வைத்த இறைச்சியை எறிந்தார்கள். உண்மையைச் சொன்னால் காப்பகத்தில் அன்றைக்கே கொன்றுவிடுவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டார். பெயர் சொல்லாமல் தொலைபேசி எடுத்ததும் அதற்காகத்தான்.

"அது உயிரோடை இருக்கு. நான் பொய் சொன்னனான்" என்றேன்.

அவர் நாய்ச்சாப்பாட்டு மூட்டையில் இருந்துவிட்டார். ஏசுவார் என்று நின்றேன். "சாப்பிடுதோ?" என்று மட்டும் கேட்டார்.

லிஸ் என்னை அரைமணித்தியாலம் ஏசினாள். பெண்டே ஒருமுறை வந்து பார்க்கலாம் என்றாள். நானும் அவரோடு போனேன். ஹென்ரிக் வேலியருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மரங்களுக்கிடையிலிருந்து ஸ்க்யூ பாதித் தூரம் வந்தது. நின்று காற்றை மணந்தது. வாலை ஒருதரம் ஆட்டியது. அதற்குள் கிழட்டு ஹஸ்கி எழும்பி அப்பால் நடக்க, திரும்பி அதன் பின்னால் ஓடியது. அது ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நல்லது" என்றார் ஹென்ரிக். வேலிக் கம்பியிலிருந்து விரல்களை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது.

திரும்பி வந்து என்னைக் காரிலிருந்து இறக்கிவிடும்போது சொன்னார், "அந்த ரெண்டு கிழமையையும் என்னாலை மறக்க ஏலாது." குரலில் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு டேனிஷ் இருந்தது, ஆனால் கேட்கவில்லை. அதன்பிறகு அவரை நான் காணவில்லை.

ஸ்க்யூ அங்கே இன்னும் ஏழு வருடம் இருந்தது. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பெண்டே அதன் படம் அனுப்புவாள். பிறகு லிஸ் ஓய்வெடுத்தாள், காப்பகம் மூடப்பட்டது. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை நிரந்தரமானது. பெண்டேக்கும் வயது போய், நாய்களும் ஒவ்வொன்றாகப் போய், படங்கள் நின்றன.

ஓகூஸிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் யூட்டிடம் காரைப் பெண்டேயின் இடத்துப் பக்கம் திருப்பச் சொன்னேன். பைன் மரங்கள் இல்லை. வேலி இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சூரிய மின்தகடுகள். வாசல் எங்கே இருந்தது என்றுகூட என்னால் மட்டுக்கட்ட முடியவில்லை. அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஓர் இளைஞன் எங்கள் காரை ஒருமாதிரிப் பார்த்தபடி வந்து, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டான். ஒரு நாயை என்றேன்.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எப்ப துலைஞ்சது?" என்று கேட்டான்.