பாவாடையில் மெழுகு

நேற்று கரண்டு போனதும் மருமகள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அந்த வாசனையில் பழைய பயம் திரும்பி வந்தது.

செஞ்சியில் கிறிஸ்தவப் பள்ளியில் மூன்றாவது படித்தபோது, சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றியபோது என் பாவாடையில் சொட்டி உறைந்திருந்த மெழுகை நைனா பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது? அவங்க சாமியக் கும்புட்டியா? கும்புட்டிருந்தா நாளையிலேர்ந்து ஸ்கூலு கிடையாது, மாடு மேய்க்கப் போ."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக் கூடாது என்று அன்று காலையில்தான் வேத வகுப்பில் டீச்சர் சொல்லியிருந்தார். நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டேன்.

"கும்புட்டேன், நைனா."

அவர் கை ஓங்கவில்லை. அம்மாவிடம், "மூத்திரம் போற பயத்துலயும் உண்மையச் சொல்லுது பாரு. ஊட்டுல ஒண்ணாவது அப்படி இருக்கட்டும். போவட்டும் உடு" என்றார்.

ஐந்தாவது வரை போனேன்.

"முந்தானைய இழுத்துப் போத்திக்கினீங்களே, குளிருதா அத்த?" என்றாள் மருமகள்.

"இல்லம்மா, பயமா இருக்குது" என்றேன்.