பேர் சொன்னால் எரியும் விளக்கு

போன தை மாதம் மகன் வீட்டு விளக்குகளையெல்லாம் மாற்றினான். ஹாலில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தான். பெட்டியைக் கூப்பிட்டு எந்த விளக்கு என்று சொன்னால் அது எரியும். சுவரில் இருக்கிற சுவிட்சை யாரும் அணைத்துவிடக் கூடாதாம். பனியன் கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற டேப்பைக் கொண்டுவந்து எல்லாச் சுவிட்சின் மேலும் ஒட்டிவிட்டான்.

"இருட்டுல சுவிட்சத் தடவீட்டு விழுந்துட்டீங்கன்னா ஆரும்மா பாக்கறது? வாயில சொன்னாப் போதும்."

விளக்குக்கு விளக்கு ஒரு பேர். ஹால், சமையல்கட்டு, பாத்ரூம். அவன் அப்பா இருந்த அறைக்கு மட்டும் அப்பாவின் பேரையே வைத்திருந்தான். "அப்பா பேரு ஊட்டுல தெனமும் கேக்கோணும்மா" என்றான். நானும் தலையாட்டிவிட்டேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பேரை நான் வாயால் சொன்னதே கிடையாது.

அவர் நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டினார். மத்தியானம் சோறு கொண்டுபோவேன். கேட்டில் வாட்ச்மேன், "ஆருக்கு அம்மிணி சோறு?" என்பார். தூக்குப்போசியைக் காட்டிக்கொண்டு நிற்பேன். "ஏன், போசிக்குப் பேரில்லையா?" என்று சிரித்துக்கொண்டே விடுவார். உள்ளே மெஷின் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. தலையெல்லாம் பஞ்சு படிந்து அவர் குனிந்திருப்பார். நான் பக்கத்தில் போய் "ஏனுங்க" என்பேன். திரும்ப மாட்டார். கூட வேலை செய்கிறவர்கள்தான் அவர் முதுகில் தட்டி, "அடேய், உன்ற ஏனுங்க வந்தாச்சு!" என்று கத்துவார்கள். அந்தக் கம்பெனியில் என் பேரே அதுதான்.

வீட்டிலும் அப்படித்தான். காபி ஆறிக்கொண்டிருக்கும். "ஏனுங்க, ஏனுங்க" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும்.

அவர் போன பிறகு, பொழுது சாய்ந்தால் அவர் அறையில் விளக்கைப் போட்டுவிடுவேன். ஷிப்ட் முடிந்து அவர் வருகிற நேரம் அது. ஒரு நாளும் அந்த அறையை இருட்டாக விட்டதில்லை.

விளக்கு மாற்றிய அன்று சாயங்காலம் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பெட்டியைக் கூப்பிடவே கூச்சம். மெதுவாக, "அவங்க ரூமு லைட்டப் போடுங்க" என்றேன். அப்படி ஒன்று இல்லை என்றது. "பெரியவர் ரூமு" என்றேன். அதுவும் இல்லையாம். முன்னே ரேஷன் கார்டுக்குப் பேர் கேட்டபோது, "பழநி மலைமேல இருக்கறவர் பேருங்க" என்று சொன்னேன். அங்கே இருந்தவர் உடனே புரிந்துகொண்டு எழுதினார். அதையே இதனிடமும் சொன்னேன். சாமி பாட்டைப் போட்டுவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. சுவிட்சின் டேப்பை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், வரவில்லை. அறைக்குள் கட்டில் கூடத் தெரியாமல் இருட்டிவிட்டது. ஒரு தடவை சொன்னால் என்ன என்று வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை.

அப்போது மருமகள் வேலை முடிந்து வந்தாள். பெருமாநல்லூரில் கார்மென்ட்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். முதலில் பாட்டை நிறுத்தினாள்.

"ஏனத்த, இருட்டுல நிக்கறீங்க? பேரச் சொன்னா எரியப்போகுது."

"நீ சொல்லு அம்மிணி."

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"அய்யோ, நானெப்படிங்கத்த மாமா பேரச் சொல்றது!"

இரண்டு பேரும் அறை வாசலில் நின்று சிரித்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமாவ நீங்க என்னன்னுங்க கூப்புடுவீங்க?"

"உனக்குத் தெரியாததா? ஏனுங்கன்னுதான்."

போனில் என்னவோ தட்டினாள். "இப்பக் கூப்புடுங்க" என்றாள். அவளை வைத்துக்கொண்டு கூப்பிட வெட்கமாக இருந்தது. தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

பெட்டியைக் கூப்பிட்டு, "ஏனுங்க" என்றேன். அறை வெளிச்சமானது.

ராத்திரி மகன் வந்து அப்பா பேரைச் சொல்லி அணைக்கப் பார்த்தான். அணையவில்லை. "அதுக்குள்ள ரிப்பேரா?" என்றான். "உங்கம்மாளக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மருமகள் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

இப்போது பொழுது சாய்ந்தால் நான்தான் கூப்பிடுகிறேன். ஒரே கூப்பாட்டில் எரிந்துவிடுகிறது. அதுதான் இன்னும் பழகவில்லை. அவர் ஒரு நாளும் முதல் கூப்பாட்டுக்குத் திரும்பினவரில்லை.