மயக்க மருந்து டாக்டர் சொன்ன பதில்

பிள்ளைகளே, தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று காலை, மயக்க மருந்து டாக்டர் கட்டிலருகே வந்தார். ஒல்லியான மனிதர். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகே என் நாடியைப் பிடித்தார்.

“இதயத்தை நிறுத்திடுவீங்களாமே, பயமா கீது சார்” என்றேன்.

“நிறுத்துறதோட போகல. மறுபடி ரத்தம் பாயுறப்பவும் அதுக்கு அடி விழும். நீங்க அம்பத்தூர் எஸ்டேட்ல ஃபேக்டரி வேலைதானே? கரண்ட் போய் வந்தா என்ன ஆவும்?”

“குப்புனு வந்தா மோட்டார் பொகைஞ்சுடும் சார். அதான் போனதுமே சுவிட்ச அணைச்சிடுவோம்.”

“இங்க அப்படி சுவிட்ச் இல்ல. ஆனா தூங்க வைக்கிற மருந்தே அந்த அடியக் கொஞ்சம் குறைக்கும்னு சொல்றாங்க.”

“நிச்சயமா சார்?”

“தெரியலைங்க. இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க.”

அதுவரை வந்தவர்களெல்லாம் ‘ஒண்ணும் ஆவாது’ என்றார்கள், பயம் போகவில்லை. தெரியாது என்றவரிடம் மட்டும் எப்படி நிம்மதியாக ஊசிக்குக் கையை நீட்டினேன் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.